மூன்றாவது வெளிநாட்டவன்

பையில் எழுதியிருப்பதைப் பார்த்துத்தானே கேட்டீர்கள்? ஆமாம் சார், நொய்யல் ரோவர்ஸ் எங்கள் அணிதான். கால்பந்து. நான் ஆடுகிறவன் இல்லை, இந்த வயிற்றை வைத்துக்கொண்டு எங்கே ஓடுவது? மேனேஜர். பெயர் குழந்தைவேலு. பந்துக்குக் காற்று அடிப்பதிலிருந்து நடுவரிடம் திட்டு வாங்குவது வரை எல்லாம் என் வேலை.

வெளிநாட்டுக்காரர்கள் எத்தனை பேர் என்று கேட்டீர்கள். அதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். இரண்டு. இரண்டு பேர் வரைக்கும்தான் லீக்கில் அனுமதி. ஆனால் அந்த இரண்டுக்காகத்தான் நான் இன்றைக்கு வேலையை விட்டுவிட்டுத் தாலுகா ஆபீஸ் வரை போய்விட்டு வருகிறேன். திருப்பூர் போய்ச் சேர இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. கேட்பதானால் சொல்கிறேன். என் மேல் தப்பு என்று பேசிக்கொள்கிறார்கள். நீங்கள் வெளியாள், கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் தலைவர் சென்னியப்பன், பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். பனியன் வாங்க வந்து திருப்பூரிலேயே தங்கிவிட்ட நைஜீரியாக்காரர் ஒருவர் மூலமாகத்தான் எங்களுக்கு ஒபின்னா கிடைத்தான். முன்வரிசை ஆட்டக்காரன், ஆறே கால் அடி. அவன் தலைக்குப் பந்து போனால் கோல் என்று எழுதிக்கொள்ளலாம். அப்புறம் க்வாமே. கானாக்காரன், தடுப்பாட்டம். அவனைத் தாண்டிப் போகிறவன் ஆஸ்பத்திரி வழியாகத்தான் போக வேண்டும். இந்த இரண்டு பேரும் வெளிநாடு. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பார்த்தாலே தெரியும்.

மூன்றாவது ஆள்தான் கஜீபன்.

நடுக்களத்தில் ஆடுவான். ஒல்லியாக இருப்பான். பந்து அவன் காலுக்கு வந்தால் மைதானமே கொஞ்சம் மெதுவாக நகர்வது போல இருக்கும். ஒபின்னா தலைக்குப் பந்து போனால் கோல் என்று சொன்னேன் இல்லையா, அந்தப் பந்தைப் போடுகிறவன் இவன்தான். அப்பா, அம்மா தொண்ணூறில் மன்னாரிலிருந்து படகில் வந்தவர்கள். அப்பா இறந்துவிட்டார். இவன் பிறந்தது இங்கே, நம் அரசு ஆஸ்பத்திரியில். வளர்ந்தது இப்போது நாம் ஏறிய ஊருக்குப் பக்கத்தில், அணையை ஒட்டி இருக்கிற அகதி முகாமில். இருபத்தைந்து வயது. இலங்கையை அவன் படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை.

நாலைந்து வருடம் முன்னால் ஒரு தனியார் போட்டியில் அவனைப் பார்த்து நான்தான் கூட்டி வந்தேன். அப்போதெல்லாம் லீக்குக்குக் காகிதப் படிவம். நாட்டுரிமை என்று ஒரு கட்டம் இருக்கும். பதினெட்டுப் பேருக்கு வரிசையாக ‘இந்தியன்’ என்று எழுதிக்கொண்டு வந்த கை பத்தொன்பதாவது ஆளுக்கு மட்டும் நிற்குமா?

அவன்தான் பக்கத்தில் நின்று கேட்டான். “அண்ணா, அந்தக் கட்டத்துல எனக்கு என்ன போடணும்னு யாரையாச்சும் ஒருக்கா கேட்டுக்கலாமா?”

“அட, நீ எங்க ஆளுடா. கையெழுத்தப் போடு” என்றேன்.

அதில் என்ன பொய்? மனதில் பட்டதை எழுதினேன். இரண்டு வருடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. மூன்றாவது வருடம் கோப்பையே வாங்கிவிட்டோம். இறுதி ஆட்டத்தில் அவன் போட்ட பந்து, ஒபின்னா தலை, கோல். பேப்பரில் படம் வந்தது. ஒபின்னா தோளில் இவன் உட்கார்ந்திருப்பான்.

முகாமில் ஒரு நடைமுறை உண்டு சார், உங்களுக்குத் தெரிந்திருக்காது. மாதம் ஒருமுறை கணக்கெடுப்பு. வருவாய்த்துறை அதிகாரி வருவார். குடும்பம் குடும்பமாக அட்டையோடு வரிசையில் நிற்க வேண்டும். பெயர் கூப்பிடும்போது ஆள் இருக்க வேண்டும். தொடர்ந்து மூன்று முறை ஆள் இல்லையென்றால் பெயரை அடித்துவிடுவார்கள். வெளியே போய்த் தங்குவதாக இருந்தால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். மூன்று வருடமும் அந்த வேலையை நான்தான் பார்த்தேன். மாதம் பிறந்தால் தாலுகா ஆபீசுக்குத் தலைவரின் பனியன் கம்பெனி பேரில் ஒரு கடிதம், கிளப் பெயர் அதில் வராது. ‘மேற்படி நபர் பயிற்சி முகாமில் இருப்பதால்’ என்று எழுதுவேன். அங்கே இருந்த எழுத்தர், “என்னங்க, முகாம்ல இருந்து முகாமுக்கா?” என்று சிரித்துக்கொண்டே முத்திரை குத்துவார். நல்ல மனிதர், மாற்றலாகிப் போய்விட்டார்.

போன சீசன் ஆரம்பத்தில்தான் லீக்கில் விதியை மாற்றினார்கள். அதற்கு முன்னால் வெளிநாட்டுக்காரர் மூன்று பேர், அதுவும் யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. இனிமேல் இரண்டே பேர். பதிவு எல்லாம் கம்ப்யூட்டரில். இந்தியன் என்றால் பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ ஏற்ற வேண்டும். கஜீபனிடம் இரண்டும் இல்லை, இங்கே பிறந்தாலும் காகிதத்தில் அவன் அகதிதான். பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது என்றேன். செல்லாது என்றது கம்ப்யூட்டர்.

லீக் ஆபீசில் தெரிந்தவர் ஒருவருக்குப் போன் போட்டேன். “முகாம் ஆளுகளை வெளிநாட்டு ஒதுக்கீட்டுல போட்டுக்கலாம். பாஸ்போர்ட் தேவையில்ல, முகாம் அட்டை நகல் இருந்தாப் போதும். ஆனா அந்த ரெண்டுல ஒண்ணாத்தான் வருவான்” என்றார்.

அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது, எங்கள் அணியில் வெளிநாட்டுக்காரர் மூன்று பேர் என்று.

தலைவர் ஆபீசில் கூடினோம். தலைவர், நான், பயிற்சியாளர் ஸ்டான்லி மாஸ்டர். மாஸ்டர் ஒரே பிடியாக நின்றார். “க்வாமேவ விட்ருங்க சார். தடுப்பாட்டத்துக்கு லோக்கல்ல ரெண்டு பேர் இருக்காங்க. கஜி மாதிரி ஒருத்தன் இந்த மாவட்டத்துலயே இல்ல.”

தலைவர் சிரித்தார். “மாஸ்டர், ஆத்துல தண்ணி போகுதுன்னு கிணத்தத் தூத்துவாங்களா? ஃபாரினுக்குன்னு ரெண்டே ரெண்டு இடம் இருக்குது. அதுல ஒண்ண, நம்ம பாஷை பேசற பையனுக்குக் குடுக்கறதா? சனம் யாரப் பாக்க டிக்கெட் எடுக்குது? நாளைக்கு பேனர்ல என்ன போடுவீங்க, ‘சர்வதேச வீரர் கஜீபன்’னா?”

“ஆட்டம் பேனர்ல நடக்கறதில்லீங்க” என்றார் மாஸ்டர்.

“அதுவும் போக, இத்தன நாள் இந்தியன்னு எழுதிட்டு இப்ப ஃபாரின்னு போட்டா, பழசக் கிளற மாட்டாங்களா? வேலு, நீ என்ன சொல்றே?”

என்னைக் கேட்டால் நான் என்ன சொல்வது? பழைய படிவங்கள் என் கையெழுத்து. “அவனுக்கு வேற நல்ல இடம் பாத்துரலாங்க” என்றேன். அவன் நன்மைக்குத்தான் சொன்னேன்.

பார்த்தும் கொடுத்தேன். பாலக்காட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு செவன்ஸ் அணி. ஏழு ஏழு பேராக ஆடுவார்களே, அது. ஊர் ஊராகப் போட்டி நடக்கும், கூட்டம் அலைமோதும். அங்கேயும் வெளிநாட்டுக்காரருக்கு அளவு உண்டு. ஆனால் காகிதம் கேட்க மாட்டார்கள், முகத்தைப் பார்த்தே எண்ணிவிடுவார்கள். கஜீபன் முகத்துக்கு அங்கே ஒரு பிரச்சினையும் இல்லை. அவனை ஆறு மாதத்துக்குக் கொடுத்துவிட்டு அதற்கு மாற்றாக ஷமீர் என்று ஒரு இடப்பக்க ஆட்டக்காரனை வாங்கினேன். சுத்தமான இந்தியப் பாஸ்போர்ட். பாருங்கள், வெளிநாட்டு இடம் ஒன்றும் வீணாகவில்லை, ஒரு விங்கரும் வந்தான். என் இருபது வருட அனுபவத்தில் இதைவிடக் கச்சிதமாக ஒரு மாற்றல் பண்ணினதில்லை. தலைவரே தோளில் தட்டினார்.

ஒபின்னாவுக்குத்தான் புரியவில்லை. அவன் தமிழ் பேசுவான் சார், ஆச்சரியமாக இருக்கும். “கஜி ஃபாரினா?” என்று விழுந்து விழுந்து சிரித்தான். “அண்ணா, எனக்கு தமிழ் சொல்லிக் குடுத்ததே அவன்தான்!” பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

கஜீபன் ஷூவைக் கழற்றிச் சேற்றைத் தட்டிக்கொண்டே கேட்டான். “ஆறு மாசமாண்ணா? கணக்கெடுப்பு நாளுக்கு அங்க இருந்து வந்துட்டுப் போக ஒரு நாள் முழுசா ஆயிருமே.”

“நீ எதுக்குடா வரணும்? வழக்கம்போல லெட்டர் நான் குடுத்தர்றேன். நீ ஆட்டத்தப் பாரு.”

சொன்னேன். சொல்லவில்லை என்று சொல்ல மாட்டேன்.

முதல் மாதம் பாருங்கள், ஒபின்னாவின் விசா முடிகிற நேரம். அதை நீட்டிக்காவிட்டால் சீசனே போய்விடும். வெளிநாட்டவர் பதிவு ஆபீஸ், போலீஸ், வாடகை ஒப்பந்தம், போட்டோ, மறுபடி போட்டோ. மூன்று வாரம் அதே அலைச்சல். அவன் பாவம், அந்நிய தேசத்தில் இருக்கிறவன், பாஷை தெரிந்தாலும் ஆபீஸ் தெரியாது. அவனுக்கு நான் ஓடாமல் யார் ஓடுவது? கஜீபன் நம் பையன். ஒரு மாதம் முன்னே பின்னே ஆனால் சமாளித்துக்கொள்வான் என்று இருந்துவிட்டேன்.

இரண்டாவது மாதம் அவனே கூப்பிட்டான். பின்னால் ஒலிபெருக்கிச் சத்தம், மலையாளத்தில் ஏதோ அறிவிப்பு. “அண்ணா, லெட்டர் குடுத்தாச்சா? இல்லன்னா இன்னிக்கே பஸ் ஏறிருவேன்.”

“குடுத்தாச்சுடா” என்றேன்.

அன்றைக்கு அவனுக்கு அரையிறுதி சார். அந்த நேரத்தில், இல்லை என்று சொன்னால் பையன் மனம் எப்படி ஆட்டத்தில் நிற்கும்? ஆட்டக்காரனின் மனதைப் பாரமில்லாமல் வைத்திருப்பதுதான் மேனேஜரின் முதல் வேலை. மறுநாள் காலையில் முதல் வேலையாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்றுதான் சொன்னேன். மறுநாள் எங்களுக்கு வெளியூர் ஆட்டம் வந்துவிட்டது.

மூன்றாவது மாதம் கடிதத்தை எழுதியே விட்டேன். பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டும் விட்டேன். பஸ் நிலையத்தில் நின்றபோதுதான் உறைத்தது. இந்த மாதத்துக்கு மட்டும் கடிதம் கொடுத்தால், முந்தின இரண்டு மாதம் எங்கே என்று கேட்பார்களே? பழைய எழுத்தரும் இல்லை, புது ஆள் சட்டம் பேசுகிறவன். கேட்காதவனிடம் போய் நாமே சொல்வானேன்? திரும்பிவிட்டேன். அவனிடம் அந்த மாதமும் “குடுத்தாச்சு” என்றுதான் சொன்னேன். இரண்டு முறை சொன்னதை மூன்றாவது முறை மாற்றிச் சொன்னால் அவன் என்ன நினைப்பான்?

பெயரை அடித்துவிட்டார்கள்.

அவன் அம்மா புஷ்பராணி அன்றைக்கு வரிசையில் நின்று அதிகாரியிடம் சொல்லியிருக்கிறார்கள், கம்பெனிக் கடிதம் வந்திருக்கும், பாருங்கோ என்று. தேடிப் பார்த்திருக்கிறார்கள். எங்கே இருக்கும்? பையன் அன்று மாலையே பஸ் ஏறிவிட்டான். வந்தால் முகாம் வாசல் பதிவேட்டில் பெயர் இல்லை. உதவித்தொகை, ரேஷன் எல்லாம் போகட்டும் சார், அது பெரிதில்லை. பெயர் இல்லாதவன் முகாமில் தங்கக்கூடாது. முகாமுக்கு வெளியே இருந்தால் அவன் சட்டவிரோதமாக நாட்டுக்குள் இருக்கிறவன். பிறந்த ஆஸ்பத்திரி அங்கிருந்து நாலு கிலோமீட்டர். செவன்ஸ் அணியும், போலீஸ் விவகாரம் நமக்கு வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டது. மாஸ்டர்தான் தன் வீட்டு மாடியில் வைத்துக்கொண்டார். அதோடு எங்கள் அணியை விட்டும் போய்விட்டார். என்னிடம் பேசுவதில்லை. அவர் குணம் அப்படி, பட்டென்று கோபம் வரும்.

பெயரை மறுபடி சேர்க்க மேல்முறையீடு உண்டு. ஏன் ஆள் இல்லை என்பதற்குத் தகுந்த காரணம் காட்ட வேண்டும். அந்த அம்மா என் வீடு தேடி வந்தார்கள். வாசலிலேயே நின்றார்கள், உள்ளே வாருங்கள் என்றும் வரவில்லை.

“தம்பி, நீங்கள் ஒரு கடுதாசி தந்தாப் போதும். எங்கட கிளப்தான் பிள்ளையை அனுப்பினது, அறிவிக்க மறந்து போனம் எண்டு ஒரு வசனம். வேறொண்டும் வேண்டாம்.”

ஒரு வசனம்தான். ஆனால் அந்த ஒரு வசனம் என்ன செய்யும் என்று அவர்களுக்குத் தெரியாது. முகாம் ஆள் மூன்று வருடமாக எங்கள் அணியில் ஆடினான் என்று நானே அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்த மாதிரி. அது லீக்குக்குப் போனால், அப்போ அவனை எந்தக் கணக்கில் ஆடவைத்தீர்கள் என்று வரும். கோப்பை ரத்து. கோப்பை போனால் சான்றிதழ் ரத்து. அந்தச் சான்றிதழை வைத்து விளையாட்டு ஒதுக்கீட்டில் மூன்று பேர் அரசு வேலைக்குப் போயிருக்கிறார்கள். அதில் ஒருவன் என் மகன் பிரகதீஷ். மாற்றுக் கோல்கீப்பர். சீசன் முழுக்க பெஞ்சில்தான் இருந்தான், ஆனாலும் பட்டியலில் பெயர் உண்டு. போன தையில்தான் கல்யாணம் ஆனது.

தலைவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். “கிளப் லெட்டர்ஹெட்ல ஒரு எழுத்து போகக் கூடாது.” ஆனாலும் நான் விடவில்லை. சொந்த முறையில் போகிறேன் என்று சொல்லி இன்றைக்கு விசாரணைக்குப் போனேன். வேறு யார் போவார்கள்? ‘இவரை எனக்கு நன்றாகத் தெரியும், நல்லொழுக்கம் உடையவர்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போனேன்.

காலையில் பஸ் நிலையத்தில் கஜீபனைப் பார்த்துப் பிரகதீஷ் விஷயத்தைச் சொன்னேன். அவனிடம் ஒளிக்க எனக்கு மனம் வரவில்லை. “தெரியும்ணா” என்றான். “என்னையத் தேடி வந்து எனக்கும் கல்யாணப் பத்திரிகை குடுத்தான்.”

தாசில்தார் சின்ன வயதுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். கடிதத்தைப் படித்தார். “நல்லொழுக்கம் சரிங்க. மூணு மாசம் ஆள் எங்க இருந்தார்? ஃபுட்பால் கிளப்புல மூணு வருஷம் ஆடினார், கிளப்தான் அனுப்புச்சுன்னு மனுவுல போட்டிருக்காங்க. நீங்கதானே அந்தக் கிளப் மேனேஜர்? உங்க அணியில இவர் ஆடினாரா?”

நான் யோசித்தேன் சார். யோசிக்காமல் சொன்னேன் என்று யாரும் சொல்ல முடியாது. அந்த அம்மா ஒரு பிளாஸ்டிக் கவரைப் பிரித்து பேப்பர் படத்தை வெளியே எடுத்தார்கள். ஒபின்னா தோளில் இவன் உட்கார்ந்திருக்கிற படம். பாதி வெளியே வந்துவிட்டது. கஜீபன் அம்மாவின் கை மேல் தன் கையை வைத்தான்.

“எங்க பட்டியல்ல...” என்று ஆரம்பித்தேன். “பட்டியலப் பாத்துத்தாங்க சொல்லோணும்.”

“மூணு வருஷம் ஆடினவர் பேரைப் பட்டியல் பார்த்துத்தான் சொல்லணுமா?”

அப்போது அவனே பேசிவிட்டான். “ஆடல சார். சும்மா கிரவுண்டுக்குப் போவேன். பந்து எடுத்துப் போடுவேன். அம்மா தெரியாம எழுதிட்டாங்க.”

தாசில்தார் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “இதையே வாக்குமூலமா எழுதிக்கவா? யோசிச்சுச் சொல்லுங்க.”

“எழுதிக்கங்க சார்.”

எழுதிக்கொண்டார்கள். படித்துக் காட்டினார்கள். கையெழுத்துப் போட்டான். சாட்சி என்று இருந்த இடத்தில் நான் போட்டேன். காரணம் திருப்தியாக இல்லை, மேலே அனுப்புகிறேன், அவர்கள் முடிவு செய்வார்கள் என்று சொன்னார் தாசில்தார். அந்த அம்மா படத்தை மடிக்காமல், ஓரம் கசங்காமல், மறுபடி கவருக்குள் வைத்துக்கொண்டிருந்தார்கள். அதற்கே வெகுநேரம் பிடித்தது.

புரிந்த பையன் சார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பையனைப் பார்க்க முடியாது. நான் எதுவும் கேட்கவே இல்லை, பாருங்கள். அவனாகத்தான் சொன்னான்.

வெளியே ஜெராக்ஸ் கடை முன்னால் நின்றோம். டீ வாங்கித் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றான். பிறகு கேட்டான். “அண்ணா, க்வாமே ஊருக்குப் போயிட்டானாமே?”

“ஆமாடா. முட்டி போயிருச்சு. இனி வர மாட்டான்.”

“அப்ப ஒரு ஃபாரின் இடம் காலியா இருக்குல்ல? என்னைய ஃபாரினாவே போட்ருங்கண்ணா. பழசு எதையும் நான் பேச மாட்டேன். எனக்கு ஆடினாப் போதும்.”

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இருந்தாலும் விதியைச் சொல்லித்தானே ஆக வேண்டும்? “ஃபாரினாப் போடறதுக்கும் முகாம் அட்டை நகல் வேணும்டா. அதுல உம் பேரு இருக்கோணும்.”

அதை அவன் ஒரு கணக்குப் போல மனதுக்குள் போட்டுப் பார்த்தது முகத்தில் தெரிந்தது. “ஆமால்லண்ணா” என்றான். அவ்வளவுதான்.

அதற்குள் இந்த பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியாகக் கேட்டது. நான் என்ன சொன்னேன் என்று அம்மா விசாரிக்கிறார்கள். அவன் அவர்களிடம் பேசும்போது மட்டும் பாஷை மாறிவிடும். “ஒண்டுமில்லை அம்மா. டீமில இடமில்லையாம்” என்றான்.

இடம் இருக்கிறது சார். அது காலியாகத்தான் கிடக்கிறது.